துரை என் கையில் வாங்க மாட்டான்

மார்ச் 2, திங்கள்

என் கண்ணாடிக் கடைக்கு இன்று ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "கண்ணு போயிடுச்சு சார், எல்லாம் மங்கலாத் தெரியுது" என்றார். துடைத்துக் கொடுத்தேன். கண் திரும்பி வந்துவிட்டது. இதை மனைவியிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று வீட்டுக்கு வந்தால், கூடத்தில் அவள் பெட்டி.

மகளுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். எந்தக் கடலில் இருக்கிறார் என்பது அவருக்கே தெரிந்தால் சரி. காலை ரயிலுக்கு இவள் கிளம்புகிறாள்.

"எப்ப வருவேன்னு சொல்ல முடியாதுங்க. குழந்தை பொறந்து அவ எழுந்து நடமாடற வரைக்கும் இருக்கணும்."

"இரு. இங்க நான் பாத்துக்கறேன்."

"கோழிங்களை அக்கா பாத்துக்குவாங்க." தன் கோழிப் பண்ணையில் வேலை செய்யும் அக்காவைச் சொல்கிறாள். "துரைதான். முதல் நாள் அடம் பிடிப்பான். பசி எடுத்தா தானா சாப்பிடுவான்."

பெட்டியை மூடிவிட்டுக் கொல்லைப்புறம் போய், எங்கள் நாய் துரையின் காதைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்னிடம்கூட அவ்வளவு நேரம் பேசவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

போய்விட்டாள். துரை காலையில் தட்டைத் தொடவில்லை. மாலையிலும் தொடவில்லை. முதல் நாள்தானே.

மார்ச் 4, புதன்

இன்றும் இல்லை. எனக்கு இப்போதுதான் மண்டையில் உறைக்கிறது. உட்கார்ந்து ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

துரைக்கு முன்னால் எங்களிடம் ஒரு கறுப்பு நாய் இருந்தது. ஆசையாக யார் கொடுத்தாலும் வாங்கித் தின்னும். ஒரு நாள் சுவருக்கு மேலே யாரோ விஷம் தடவிய இறைச்சியைப் போட்டார்கள். அன்றிரவே கோழிகளில் பாதி திருடு போயின. மனைவி கோழிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அது விறைத்துப் போன பிறகும்.

அப்புறம்தான் அவள் அண்ணன், என் பெரிய மச்சான், துரையை அனுப்பினார். மலையடிவாரத்தில் அவருக்குத் தோட்டம். அங்கே காட்டுப்பன்றி விரட்டவும் வீட்டைக் காக்கவும் இந்தச் சாதிதான். என் இடுப்பு உயரம், நீள முகம், பெட்டி போல மார்பு, வயிறு மட்டும் ஒட்டிக்கிடக்கும். ஒரு வருடம் அவரோடு வேட்டைக்குப் போய்விட்டு எங்களிடம் வந்தான். வந்த அன்றே மனைவி சொல்லிவிட்டாள்: இவன் என் கையைத் தவிர வேறு யார் கையிலும் எதையும் தின்னக் கூடாது.

அதற்கு எப்படிப் பழக்குவது என்று மச்சான் சொல்லிக் கொடுத்தார். அந்நிய ஆள் ஒருவன் இறைச்சியை நீட்ட வேண்டும். நாய் வாய் வைக்கப் போனால் வளர்ப்பவர் மறைவிலிருந்து வந்து அதட்ட வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஓடி வந்து கொஞ்சி, தன் கையால் ஊட்ட வேண்டும். தினமும். மாதக்கணக்கில்.

அந்நிய ஆளுக்கு எங்கே போவது? அவன் பல்லைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. "நான் இருக்கேனே" என்றேன். மழைக்கோட்டு, ஹெல்மெட், கையில் இறைச்சி. குரலைக்கூட மாற்றிப் பேசினேன். அப்படி ஒரு நடிப்பு.

நாய் மூக்கால் ஆளைப் பார்க்கிற பிராணி. மழைக்கோட்டில் ஏமாந்தது நான் ஒருவன்தான். உலகத்தில் வேறு யார் கையிலும் வாங்கக் கூடாது, அதிலும் இந்த ஆள் கையில் வாங்கவே கூடாது என்று நாங்களே அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

மார்ச் 5, வியாழன்

தலைகீழாக நின்று பார்த்தாயிற்று. கோழி வேகவைத்து வைத்தேன். ஆட்டு எலும்பு வைத்தேன். பண்ணை அக்கா வைத்துப் பார்த்தார். அவருக்கும் அதே மரியாதை. நான் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டேன். தட்டில் என் வாசம் இருந்ததோ என்னவோ, தட்டையே தாண்டிப் போய்ப் படுத்தான். தண்ணீர் மட்டும் குடிக்கிறான்.

சாயங்காலம் மனைவியின் பழைய சால்வையைப் போர்த்தி, அவள் பண்ணைக்குப் போகும்போது கட்டும் ஏப்ரனையும் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். துரை சால்வையை முகர்ந்தான். வாலை ஆட்டினான். தலையை என் மடியில் வைத்தான். உருகிப் போய்க் கையில் ஒரு துண்டை நீட்டினேன். உடனே எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் எனக்குப் பின்னால் பார்த்தான்.

அவளைத் தேடுகிறான். சரியாகச் செய்துவிட்டோம், ஒளிந்திருக்கிறவள் இப்போது ஓடி வந்து கொஞ்சுவாள் என்று காத்திருக்கிறான்.

ஏப்ரனோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் என் மணிக்கட்டை நக்கினான். உள்ளங்கையிலிருந்த இறைச்சியில் நாக்கு படாமல், அவ்வளவு கவனமாக.

மச்சானுக்குப் போன் போகவில்லை. மலையில் அடுப்பு எரிந்தாலும் சிக்னல் எரியாது.

மார்ச் 6, வெள்ளி

மனைவி போன் செய்தாள். "துரை சாப்பிட்டானா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

"சத்தத்தைக் கேக்கறேன், கிட்ட வைங்க."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலமாரியில் ரஸ்க் இருந்தது. போனைக் கிட்டே வைத்து, துரை எலும்பைக் கடிப்பது போல நறநறவென்று இரண்டு ரஸ்க்கைக் கடித்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

"நல்லா சாப்பிடறான்" என்றாள். "சரி, வைக்கிறேன்."

வீடியோவில் காட்டச் சொல்வாளோ என்று பயந்து, கேமரா கெட்டுப்போய்விட்டது என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

மார்ச் 7, சனி

மாட்டு டாக்டர் வந்தார். மாடுதான் அதிகம் பார்ப்பார், அதனால் அந்தப் பெயர். துரையின் ஈறைத் தூக்கிப் பார்த்தார், முதுகுத் தோலை இழுத்துவிட்டுப் பார்த்தார். இழுத்த தோல் உடனே திரும்பவில்லை. முன்னங்காலில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார். அத்தனை நேரமும் துரை என் முழங்கால்மேல் தாடையை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். இதெல்லாம் செய்யவிடுகிறான். சாப்பிடத்தான் மாட்டான்.

"இந்த ஜாதிக்குக் கொழுப்பே கிடையாது சார். ரொம்ப நாள் தாங்காது. நாளைக்கும் ஏத்தறேன், ஆனா இது சாப்பாடு ஆகாது."

"வாயைத் திறந்து ஊத்தலாமா?"

"ஊத்திப் பாத்தேனே. எல்லாத்தையும் வெளியே தள்ளிட்டான். அம்மாகிட்ட சொல்லிடுங்க சார். அவங்க ஒரு நாள் வந்து போனாப் போதும்."

ஒரு நாள் வந்து போகிற தூரமா அது? ஆனால் சொல்ல வேண்டும். நாளைக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

சொல்லத்தான் போன் செய்தேன். மகள் எடுத்தாள். அம்மா குளிக்கிறாளாம்.

"நேத்து பிரஷர் ரொம்ப ஏறிடுச்சுப்பா. கண்ணெல்லாம் இருட்டிட்டு வந்துச்சு. அம்மா இல்லேன்னா நான் பயத்துலயே போயிருப்பேன். கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க."

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல. துரை நல்லா இருக்கானா? அம்மா தூக்கத்துல அவன் பேரைச் சொல்றாங்க."

நல்லா இருக்கான்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஒரு பக்கம் வாயும் வயிறுமாகப் படுத்திருக்கிற மகள். இன்னொரு பக்கம் இந்த வாயில்லாத ஜீவன். நடுவில் அவளை நிறுத்தி, எது வேண்டும் என்று நான் கேட்பதா? மாட்டேன். அந்தக் கேள்வி அவளிடம் போகவே கூடாது.

பிறகு கொல்லைப்புறம் போய்க் கத்தினேன். தின்னுடா. என்னடா பாவம் பண்ணேன் உனக்கு. அவளுக்கு நான் என்னடா பதில் சொல்வேன். தின்னுத் தொலையேன்டா.

மழைக்கோட்டுப் போட்டு நடித்ததைப் போலவே இருந்திருக்கும் அவனுக்கு. தள்ளாடி எழுந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மார்ச் 9, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

காலையில் டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். கடைக்குப் போகவில்லை. யார் யாருக்கோ கண்ணாடி காத்திருக்கிறது, இருக்கட்டும். மாலையில் துரை வாசல் கதவருகே போய் நின்றான். கட்டிப்போட்டுச் சாக விடுவதைவிட நாலு அடி நடக்கட்டும் என்று வாரை மாட்டி, பண்ணைக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயலுக்குக் கூட்டிப்போனேன். நாலு அடிக்கு ஒரு தரம் நின்றான். ஓர் அகலமான கல் இருந்தது, அதில் நான் உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் படுத்தான்.

திடீரென்று அவன் உடம்பு முழுவதும் விறைத்தது. வரப்போரத்தில் ஒரு முயல். எனக்குக் காது மட்டும்தான் தெரிந்தது. வார் என் விரலை அறுக்கிற மாதிரி இழுபட்டது. அவ்வளவு பலம் அவனிடம் எங்கே மிச்சமிருந்தது? மூன்று வருடத்தில் அவனை ஒருநாளும் அவிழ்த்துவிட்டதில்லை நான். அவிழ்த்துவிட்டேன்.

நாய் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது ஓட்டமே இல்லை என்று இன்று தெரிந்தது. தரையில் நாலு காலும் படவில்லை. வயலின் பாதிகூடப் போயிருக்க மாட்டான், வரப்பில் மடக்கிவிட்டான். சரி, தின்றுவிடுவான், கடவுளே, தின்றுவிடட்டும் என்று எழுந்து நின்றேன்.

தின்னவில்லை. கவ்விக்கொண்டு திரும்பி வந்தான். நடை தள்ளாடியது, நுரை தள்ளியது. என் காலடியில் முயலைப் போட்டுவிட்டு, முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, என் முகத்தையே பார்த்தான்.

என் முகத்தை. பின்னால் யாரையும் தேடவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மச்சானுக்குப் போன் போட்டேன். என் நல்ல நேரம், கீழே சந்தைக்கு இறங்கியிருந்தார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பங்கு கேக்கறான் மாப்ள" என்றார்.

"என்ன பங்கு?"

"வேட்டைக்குப் பழகின நாய் புடிச்சதுல தானா வாய் வைக்காது. கொண்டுவந்து ஆள்கிட்ட போடும். ஆள் அறுத்து, அதோட பங்கைக் குடுக்கணும். ஈரலைக் குடுங்க மொதல்ல. அது அதோட உரிமை."

"என் கையிலயா? என் கையில வாங்க மாட்டான் மச்சான், அதானே பிரச்சனை."

"நீங்க குடுக்கலையே மாப்ள. அவன்தானே உங்களுக்குக் குடுத்திருக்கான்."

கோழிப் பண்ணைக்காரியின் கணவன் நான். இதுவரை ஒரு கோழியை அறுத்ததில்லை. அறுக்கும்போது பக்கத்தில் நின்றதும் இல்லை. ஓடிப்போய்க் கத்தி எடுத்துவந்து, மச்சான் போனில் சொல்லச் சொல்ல அறுத்தேன். பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான். சூடு ஆறாத ஈரலை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

துரை ஒரு நொடி கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாங்கினான்.

அப்புறம் ஒவ்வொரு துண்டாக. அவன் பல் ஒரு தடவைகூட என் விரலில் படவில்லை. போனில் மச்சான் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் அடுத்த துண்டை அறுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

மிச்சத்தை வேகவைத்து, அதே வயலுக்குக் கொண்டுபோய், அதே கல்லில் உட்கார்ந்து கொடுத்தேன். வாங்கினான். டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். "நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்றார். அப்போதுதான் நினைவு வந்தது.

மார்ச் 13, வெள்ளி

முயலோடு கோழியைக் கலந்தேன். அடுத்த வேளை கோழி மட்டும். கொஞ்சம் கொஞ்சமாக வயலிலிருந்து வேலியோரம், வேலியோரத்திலிருந்து முற்றம். இன்று முற்றத்தில் தட்டில் வைத்தேன். ஒரு கணம் முகத்தைத் திருப்பினான். என் உயிர் போய் வந்தது. பிறகு தின்றான். மனைவி போன் செய்தபோது தட்டுக்குப் பக்கத்திலேயே போனை வைத்தேன்.

அவள் அந்தப் பக்கம் அழுதாள். மகளுக்கு இன்று பிரஷர் பரவாயில்லை, அந்த நிம்மதி போலிருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

பேத்தி. தாயும் சேயும் நலம். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. கடைக்கு வந்த எல்லோருக்கும் கண்ணாடி துடைக்கும் துணி இலவசம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வந்துவிட்டாள். மாப்பிள்ளை கரை இறங்கி மகளிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கிளம்பினாளாம்.

ஆட்டோ முனை திரும்பும்போதே துரைக்குத் தெரிந்துவிட்டது. அவளைப் படியிலேயே தள்ளி உட்காரவைத்து முகமெல்லாம் நக்கினான். ஊளையும் அழுகையுமாக ஒரு சத்தம், இத்தனை நாளில் நான் கேட்டிராதது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது எனக்கு.

சாயங்காலம், "நீங்க வைங்க, நான் பாக்கணும்" என்றாள். தட்டில் போட்டு வைத்தேன். துரை வந்து தின்றான். அவள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படிங்க?"

எல்லாம் சொன்னேன். முயல், ஈரல், அதற்கு முந்தைய நாட்கள், ஏப்ரன்கூட. பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு என்றேன். சிரித்தாள்.

"நீங்க ரஸ்க் கடிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."



"அப்ப அன்னிக்கே..."

"அன்னிக்கே தெரியும். பட்டினி கிடக்கறான்னு தெரியும். பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவேன், அவளுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தெரிஞ்சா நான் வந்துருவேன்னுதானே நீங்க மறைச்சீங்க. தெரிஞ்சும் வரலைன்னு உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் நான் கேக்கல. வந்திருந்தா அவளை விட்டுட்டு வந்திருக்கணும். நான் அவளுக்குப் பக்கத்துல இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேங்க. இவன் செத்தாலும்னு."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் கை துரையின் கழுத்தில் இருந்தது. அவன் தட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அந்தக் கேள்வி அவளிடம் போகவே கூடாது என்று இங்கே நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே அவளிடம் போய், அவள் பதிலும் சொல்லிவிட்டு, அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29, புதன்

"நீங்க கெடுத்துவச்ச பழக்கத்தை மறுபடி சரி பண்ணணும்" என்றாள்.

"பண்ணலாம். இந்தத் தடவை யார் திருடன்?"

காபியைக் குடித்துக்கொண்டே யோசித்தாள். "வேணாம். ரெண்டு பேர் கையில வாங்கினா ஒண்ணும் குடிமுழுகிடாது."

மழைக்கோட்டைப் பண்ணை அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

ஜனவரி 17, ஞாயிறு

மகள், மாப்பிள்ளை, பேத்தி மூவரும் வந்து இன்றோடு மூன்றாவது நாள். வீடு தலைகீழாகக் கிடக்கிறது. துரை யார் கையிலும் எதுவும் வாங்குவதில்லை, எங்கள் இருவர் கையைத் தவிர. மாப்பிள்ளை கப்பலிலிருந்து கொண்டுவந்த விலையுயர்ந்த நாய் பிஸ்கட்டை நீட்டிப் பார்த்துவிட்டு, "என்னை மதிக்கவே மாட்டேங்கறான் மாமா" என்று வருத்தப்பட்டார். என்னையே மதிக்காதவன்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

மத்தியானம் பேத்தி பாயிலிருந்து தவழ்ந்து தவழ்ந்து கொல்லைப்புற வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே துரை படுத்திருந்தான். அவள் கையில் பிசைந்த வாழைப்பழம். நான் பார்ப்பதற்குள் அதை அவன் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டாள்.

மாப்பிள்ளை பாதி எழுந்து அப்படியே நின்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி கரண்டியோடு வந்து துரையின் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள், ஆனால் அவனை இழுக்கவில்லை.

துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேத்தி விடுகிற ஆள் இல்லை. சுற்றித் தவழ்ந்து அந்தப் பக்கம் போய் மறுபடி நீட்டினாள். அவன் இந்தப் பக்கம் திருப்பினான். அவள் இந்தப் பக்கம் வந்தாள். அந்தப் பெரிய தலை மெல்ல நிமிர்ந்தது. பட்டையைப் பிடித்துக்கொண்டு மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள். அவன் அவளைத் தாண்டி, கூடத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்தான்.

"வாங்கிக்கடா" என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

உதட்டால் மட்டும் எடுத்தான். விரல் விரலாகத் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக நக்கினான். மனைவி பட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பேத்தி காலிக் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு துண்டு கேட்டு என்னிடம் கையை நீட்டினாள்.